மாதவிடாய் வலிக்குக் காரணம் தேடித் தரும் சேவைகள்: ஹார்மோன் பேக்கேஜ் முதல் லேப்ராஸ்கோபி வரை ஒரு மதிப்பீடு

"எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஹார்மோன் பிரச்சினையா இருக்கும். கல்யாணம் ஆனா, குழந்தை பிறந்தா சரியாகிடும்." மாதாமாதம் சுருண்டு படுக்கும் பெண்களில் பலர் இந்தப் பதிலோடுதான் வீடு திரும்புகிறார்கள். வலி அப்படியேதான் இருக்கிறது. அடுத்து எங்கே போவது, எந்தப் பரிசோதனை எடுப்பது, எந்த மாத்திரையை எவ்வளவு நாள் பார்ப்பது என்று தெரியாமல் ஆண்டுகள் ஓடுகின்றன. கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோயான எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியவே 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த வலிக்காக விற்கப்படும் சேவைகளையும் பொருட்களையும் ஒவ்வொன்றாக இங்கே எடைபோடுகிறோம். அளவுகோல் இரண்டுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறதா? வலியைக் குறைக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பணத்தையும் நேரத்தையும் அதில் போட வேண்டாம்.

ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்

முதலில் பரிந்துரைக்கப்படுவதும் அதிகம் விற்பதும் இதுதான். வலிக்குக் காரணம் சொல்வதில் கடைசி இடமும் இதற்குத்தான்.

ஏன் என்று புரிய, வலி எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். சுழற்சியின் கடைசியில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கர்ப்பப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது தசையை இறுக்கிப் பிழிகிறது, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் முதல் நாளில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் சேர்ந்து வருகின்றன. இதில் புரொஜெஸ்டிரோன் இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் நடக்கும் இயல்பான விஷயம். வலியின் அளவைத் தீர்மானிப்பது கர்ப்பப்பைக்குள் எவ்வளவு புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது என்பது. கையில் எடுக்கும் ரத்தத்தில் அது தெரியாது.

எண்டோமெட்ரியோசிஸிலும் இதே கதைதான். அது ஈஸ்ட்ரோஜெனை நம்பி வளரும் நோய் என்பது உண்மை. ஆனால் அந்தத் திசுக்கள் அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்துத் தமக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜெனைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. புரொஜெஸ்டிரோனின் கட்டளைக்கும் சரியாகப் பணிவதில்லை. ரத்தத்தில் எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜெனின் முக்கிய வடிவம்) அளவு சாதாரணமாகவே இருக்கும். ஆகவே "ஹார்மோன் நார்மல்" என்ற ரிப்போர்ட், எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

எடுக்கும் நாளிலும் நிறையத் தவறு நடக்கிறது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., கூடவே எஸ்ட்ராடையால் ஆகியவற்றைச் சுழற்சியின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். புரொஜெஸ்டிரோன் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டியது. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21ஆம் நாள். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 28ஆம் நாள். எல்லோருக்கும் 21ஆம் நாளிலேயே எடுத்துவிட்டு "புரொஜெஸ்டிரோன் கம்மி" என்று எழுதுவது தவறு. சரியான நாளில் எடுத்தாலும் அந்த மாதம் கருமுட்டை வெளிவந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது எடுத்த இந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

பேக்கேஜில் இருக்கும் ஏ.எம்.ஹெச். கருமுட்டை இருப்பைக் காட்டுவது. வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சி.ஏ.125 என்ற ரத்தப் புரதம் மாதவிடாய் நாட்களிலேயே உயரும், கட்டி, தொற்று எதிலும் உயரும், எண்டோமெட்ரியோசிஸ் இருந்தும் உயராமலும் இருக்கும். அதை வைத்து நோயைக் கண்டறிய வேண்டாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. எச்சிலில் ஹார்மோன் அளந்து "ஈஸ்ட்ரோஜென் ஆதிக்கம்" என்று அச்சிட்டுத் தரும் வீட்டு கிட்டுகளை அறவே தவிர்க்கச் சொல்வோம். ஒரு நாளின் ஒரு துளியில் வந்த எண்ணை வைத்து மாதக்கணக்கில் கேப்ஸ்யூல் விற்பதற்குத்தான் அவை பயன்படுகின்றன.

கருமுட்டை ஒழுங்காக வெளிவராத சினைப்பைக் கோளாறான பி.சி.ஓ.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேனில் நிறைய நுண்பைகள் தெரிந்ததும் வலிக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கருமுட்டை வெளிவராத சுழற்சிகளில் வலி பொதுவாகக் குறைவாகவே இருக்கும். பி.சி.ஓ.எஸ். இருக்கலாம், கூடவே கடும் வலியும் இருக்கலாம். அப்போது வலிக்கு வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

ரத்தத்தில் எதுவுமே பயனில்லை என்று சொல்லவில்லை. மாதவிடாய் தள்ளிப்போய் வலியோடு வந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. உதிரப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். சுழற்சி ஒழுங்கில்லை என்றால் தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின். தேவைக்கேற்ப இவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்கினால் போதும்.

டாக்டரிடம் பேசும் அந்த நேரம்

எங்கள் மதிப்பீட்டில் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் முதலிடம் இதற்கு. மின்சாரமும் ஊசியும் இல்லாத இந்தச் சேவைதான் மற்ற எல்லாவற்றுக்கும் திசை காட்டுகிறது. ஆனால் தரத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள சேவையும் வேறில்லை.

நல்ல ஆலோசனையில் கேட்கப்படும் கேள்விகள் இவை: பூப்பெய்தி எவ்வளவு நாளில் வலி தொடங்கியது? ஆறு மாதம், ஒரு வருடத்தில் தொடங்கி, உதிரம் படும் நேரத்தில் வந்து, இரண்டு மூன்று நாளில் முழுதாக அடங்கிவிடும் வலி பெரும்பாலும் வேறு நோய் இல்லாத வலி. பல வருடம் சும்மா இருந்துவிட்டுப் புதிதாக வந்ததா? ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா? உதிரம் வருவதற்குப் பல நாள் முன்பே தொடங்குகிறதா? மாதவிடாய் இல்லாத நாளிலும் வருகிறதா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே குத்துகிறதா? சிறுநீர் போகும்போது வலிக்கிறதா? உறவின்போது ஆழத்தில் வலிக்கிறதா? அம்மா, அக்கா, தங்கைக்கு இருந்ததா? குழந்தைக்கு முயன்று தாமதமாகிறதா? பின்னால் உள்ள இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே எண்டோமெட்ரியோசிஸையோ, கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே அந்தத் திசு புகுந்திருக்கும் அடினோமயோசிஸையோ தேட வேண்டும்.

மலம் கழிக்கும்போது வலி என்பதை நம் பெண்கள் தாமாகச் சொல்வதே இல்லை, கேட்டாலும் தயங்குகிறார்கள். அந்த ஒரு விவரம் பத்து ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்.

பூப்பெய்திய சில மாதங்களுக்குள்ளேயே ஒரு பக்கமாக, மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி உள்ள சிறுமிகளுக்குத் தனிக் கவனம் தேவை. கர்ப்பப்பை பிறப்பிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் வழி அடைபட்டிருந்தால் உதிரம் உள்ளேயே தேங்கும். மறுபக்கம் வழியாக மாதவிடாய் வழக்கம்போல வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்படிப்பட்ட சிறுமிகள் பலருக்கு அடைபட்ட பக்கத்தில் சிறுநீரகமும் இருக்காது என்பதால், வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தைப் பார்ப்பதே பெரிய துப்பு.

உடலைத் தொட்டுப் பார்க்காமல் முடியும் ஆலோசனை பாதி ஆலோசனை. படுக்க வைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே தலையைத் தூக்கச் சொல்வார்கள். அப்போது வலி கூடினால் அது வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ இருந்து வருகிறது. கர்ப்பப்பையைத் தேடிப் பயனில்லை. உறவு அனுபவம் இல்லாதவருக்கு உள்பரிசோதனை கட்டாயமில்லை. யாராக இருந்தாலும் மறுக்கும் உரிமையும், நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமையும் உண்டு.

போகும்போது இரண்டு மூன்று சுழற்சியின் குறிப்பு கையில் இருக்கட்டும். தேதி, உதிரம் தொடங்கிய நேரம், எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் பட்டதா, 0 முதல் 10 வரை வலி, வலித்த இடம், மாத்திரையின் பெயரும் அளவும் நேரமும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு, அன்று பள்ளியோ வேலையோ போக முடிந்ததா. இவ்வளவு போதும். மாதவிடாய் ஆப்களில் பெரும்பாலானவை அடுத்த தேதியைக் கணிக்கத்தான் உருவானவை. மாத்திரை நேரத்தை எழுத அவற்றில் இடம் இருக்காது. சாதாரண நோட்டுப் புத்தகமே மேல்.

ஸ்கேன்

அல்ட்ராசவுண்டு நல்ல கருவி. யார் பார்க்கிறார்கள், எதைத் தேடிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அதன் மதிப்பு முழுதும் இருக்கிறது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். எண்டோமெட்ரியோசிஸைத் தேட இரண்டாவதே சிறந்தது. அது வேண்டாம் என்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. மாற்று.

வழக்கமான ஸ்கேனில் கர்ப்பப்பை நீள அகலம், சினைப்பை அளவு, உட்சுவர் தடிமன் என்று மூன்று வரி வரும். வலிக்கான ஸ்கேனுக்கு அது போதாது. 2016இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வகுத்த முறை நான்கு படி கொண்டது: கர்ப்பப்பையையும் சினைப்பையையும் பார்ப்பது, கருவியால் மெல்ல அழுத்தி எந்த இடத்தில் வலிக்கிறது, சினைப்பை அசைகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது, கர்ப்பப்பையின் பின்சுவர் மீது குடல் வழுக்கி நகர்கிறதா என்று சோதிப்பது, முன்புறம் சிறுநீர்ப்பையிலும் பின்புறம் குடல், தசைநார்களிலும் முடிச்சுகளைத் தேடுவது. ரிப்போர்ட்டில் "ஸ்லைடிங் சைன்" (குடல் வழுக்கி நகர்கிறதா என்ற அந்தச் சோதனை) பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்த ஸ்கேன் எண்டோமெட்ரியோசிஸைத் தேடி எடுக்கப்பட்டதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் சிறுநீர்க்குழாயை நெரித்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகும்.

"பல்க்கி யூட்டரஸ்" என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டாம். கர்ப்பப்பை உருண்டையாகப் பருத்திருக்கிறதா, முன்சுவருக்கும் பின்சுவருக்கும் தடிமன் வேறுபடுகிறதா, தசைக்குள் சிறு நீர்ப்பைகள் உள்ளனவா, விசிறி போன்ற நிழல் விழுகிறதா என்று கேளுங்கள். இவை அடினோமயோசிஸின் அடையாளங்கள். பெயர் வைக்காமல் "கொஞ்சம் பெருசா இருக்கு" என்று கடந்துபோய்விடுவதால் தவறிப்போகும் நோய் இது.

எண்டோமெட்ரியோசிஸில் வயிற்று உள்ளுறையின் மேல் மெல்லிய புள்ளிகளாகப் படர்ந்திருக்கும் வகை, எவ்வளவு நல்ல ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் "பெரிய கட்டியோ ஆழமான முடிச்சோ தென்படவில்லை" என்று மட்டும் படிக்க வேண்டும். வலி கற்பனை என்று யாராவது அந்தக் காகிதத்தைக் காட்டிச் சொன்னால் அவர்கள் சொல்வது தவறு.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டாம். ஆழமான நோய் சந்தேகம், அறுவைக்கு முன் வரைபடம், சந்தேகமான அடினோமயோசிஸ், பிறவி அமைப்புக் கோளாறு: இந்த நான்குக்கு நல்ல பயன். கேட்கும் படிவத்தில் "எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்" என்று எழுதியிருக்க வேண்டும். குடல் அசைவைக் குறைக்கும் ஊசி போட்டு எடுத்தால் படம் தெளிவாக இருக்கும்.

வலி மாத்திரை

நோயின் பெயர் தெரியும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுப்பவை ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்ஸன் போன்ற மாத்திரைகள். விலைக்கும் பலனுக்கும் இதைவிட நல்ல பொருள் இந்தப் பட்டியலில் இல்லை. "எனக்கு மாத்திரை கேக்கறதே இல்ல" என்பவர்களில் கணிசமானவர்கள் தவறான நேரத்தில், குறைந்த அளவில் சாப்பிட்டவர்கள்.

வலி உச்சிக்குப் போனபின் ஒன்று போட்டால், அதற்குள் சுரந்துவிட்ட பொருளை மாத்திரையால் திரும்ப எடுக்க முடியாது. உதிரம் பட்டதும், அல்லது சுழற்சி ஒழுங்காக இருப்பவர் முந்தின நாளே, தொடங்க வேண்டும். பிறகு வலி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல், முதல் இரண்டு மூன்று நாள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: ஐபுப்ரோஃபென் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று, டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு நாளில் 1200 மி.கி.க்கு மேல் வேண்டாம். நாப்ராக்ஸன் முதலில் 500 மி.கி., பிறகு 6 முதல் 8 மணிக்கு 250 மி.கி. மெஃபனாமிக் ஆசிட் முதலில் 500 மி.கி., பிறகு 6 மணிக்கு 250 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நல்லது. இவற்றில் ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும். வேறு வேறு பெயரில் வாங்கி இரண்டைச் சேர்த்தால் பலன் கூடாது, வயிற்றுப் புண்தான் கூடும்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மெஃபனாமிக் ஆசிடில் வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். பாரசிட்டமால் பாதுகாப்பானது, ஆனால் இந்த வலிக்கு வலு குறைவு. டிரானெக்ஸாமிக் ஆசிட் உதிரத்தைக் குறைக்கும். வலிக்கான மருந்தாக அதை எண்ண வேண்டாம்.

இப்படிச் சரியாக மூன்று சுழற்சி எடுத்தும் பாதி வலி குறையவில்லை என்றால், அதுவே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய முக்கியமான தகவல்.

ஹார்மோன் சிகிச்சை

ரத்தத்தில் ஹார்மோன் நார்மலாக இருக்கும்போது ஹார்மோன் மாத்திரை எதற்கு என்று கேட்பார்கள். குறையை நிரப்புவதற்காக இது தரப்படுவதில்லை. கருமுட்டை வெளிவருவதை நிறுத்தி, உட்சுவரை மெலிதாக்கினால் புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது. எண்டோமெட்ரியோசிஸ் திசுவும் அடங்குகிறது. வயதுப் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று வீட்டில் முகம் சுளிப்பதால் தள்ளிப்போடப்படும் சிகிச்சை இது. வலிக்கான மருந்தாகவே இது எழுதப்படுகிறது என்று டாக்டரே அம்மாவிடம் சொல்வது பலன் தரும். நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பும்.

ஈஸ்ட்ரோஜெனும் புரொஜெஸ்டின்னும் (புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன்) சேர்ந்த மாத்திரையை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவது பழைய முறை. வலிக்காக எடுப்பவர் டாக்டர் சொன்னபடி இடைவெளி இல்லாமல் தொடர்ந்து எடுத்தால் உதிரமும் இல்லை, அதனோடு வரும் வலியும் இல்லை. கண்முன் மின்னல் கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு ரத்தக்கட்டு வந்த வரலாறு, உயர் ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஈஸ்ட்ரோஜென் உள்ள மாத்திரை கூடாது. புரொஜெஸ்டின் மட்டும் உள்ளவை அவர்களுக்கானவை.

அவற்றில் எண்டோமெட்ரியோசிஸுக்கு அதிகம் எழுதப்படுவது டயனோஜெஸ்ட் 2 மி.கி., தினமும் ஒரே நேரத்தில், இடைவிடாமல். இதை எடுப்பவர்கள் நடுவில் விட்டுவிடுவதற்குக் காரணம் முதல் மூன்று மாதத்தில் திட்டுத்திட்டாகப் படும் உதிரம். அதை மருந்து தோற்றதாக எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதம் தாண்டும்போது பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதை எழுதும்போதே சொல்லிவிட்டால் பலர் தொடர்வார்கள். மனச்சோர்வு வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். இந்த அளவில் கருமுட்டை வெளிவருவது பெரும்பாலும் நின்றாலும் இதைக் கருத்தடையாக நம்பக் கூடாது, ஆணுறை வேண்டும்.

52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள கருப்பைச் சாதனம் அடினோமயோசிஸுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் எங்கள் முதல் தேர்வு. மருந்து அந்த இடத்திலேயே வேலை செய்கிறது, தினமும் நினைவு வைக்க வேண்டியதில்லை. வைக்கும்போது வலிக்கும், மரத்துப்போகும் ஊசி தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒழுங்கற்ற உதிரம் எதிர்பார்க்கலாம். காப்பர்-டி இதற்கு நேர் எதிர்: வலியையும் உதிரத்தையும் கூட்டக்கூடியது. வலி அது வைத்த பிறகு தொடங்கியிருந்தால் அந்த விவரத்தை முதலில் சொல்லுங்கள்.

இவை பலிக்காதபோது, சினைப்பையின் ஈஸ்ட்ரோஜென் சுரப்பையே அடக்கும் ஜி.என்.ஆர்.ஹெச். மருந்துகள். லூப்ரோலைடு போன்ற ஊசி முதல் இரண்டு வாரம் வலியைக் கூட்டியே பிறகு அடக்கும். மாதவிடாய் நின்றதுபோல உடல் சூடும், எலும்புத் தேய்மானமும் வரும் என்பதால் சிறிது ஈஸ்ட்ரோஜெனும் புரொஜெஸ்டின்னும் கூடவே தர வேண்டும். அது இல்லாமல் மாதக்கணக்கில் ஊசி மட்டும் எழுதினால் காரணம் கேளுங்கள். வாய்வழி மாத்திரையாக எலகோலிக்ஸ் 2018இலும், எஸ்ட்ராடையாலும் நோரெதிஸ்டிரோனும் சேர்ந்த ரெலுகோலிக்ஸ் 2022இலும் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றில் ஆரம்ப வலிக் கூடுதல் கிடையாது; நிறுத்தினால் விளைவும் சீக்கிரம் விலகும்.

ஒரு நுணுக்கம். ஹார்மோனில் வலி குறைந்தால் எண்டோமெட்ரியோசிஸ் உறுதி என்று ஆகாது, சாதாரண மாதவிடாய் வலியும் அதில் குறையும். குறையவில்லை என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்றும் ஆகாது. மருந்தை மருந்தாகப் பாருங்கள், பரிசோதனையாகப் பார்க்காதீர்கள்.

லேப்ராஸ்கோபி

முன்பு எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்ல இதுதான் ஒரே வழி என்றிருந்தது. 2022 ஐரோப்பிய வழிகாட்டி அதை மாற்றியது: ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்களுக்கும், மருந்து பலிக்காத அல்லது பொருந்தாதவர்களுக்கும் மட்டும் இது. வளரிளம் பெண்களைப் பற்றி 2018இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொன்னது முக்கியம்: வலி மாத்திரைக்கும் ஹார்மோனுக்கும் அடங்காத வலி உள்ள சிறுமிகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பேருக்கு, லேப்ராஸ்கோபி செய்தால் எண்டோமெட்ரியோசிஸ் தென்படுகிறது. "சின்னப் பொண்ணு, இதெல்லாம் வராது" என்பதற்கு இதுவே பதில்.

முழு மயக்கத்தில், வயிற்றில் மூன்று நான்கு சிறு துளையிட்டு, கரியமில வாயு நிரப்பிப் பார்க்கிறார்கள். பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலிப்பது அந்த வாயுவால், பயப்பட வேண்டாம். அறுவைக்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நோய் தெரிந்தால் அதே அமர்வில் எடுப்பீர்களா, பார்த்துவிட்டு மூடிவிடுவீர்களா? மேலே கருக்குவீர்களா, வெட்டி எடுப்பீர்களா? எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? படமும் வீடியோவும் தருவீர்களா? குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ நோய் இருப்பதாக ஸ்கேன் சொன்னால், அந்த உறுப்புக்கான அறுவை மருத்துவரும் கூட இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். அரைகுறையாகத் திறந்து மூடிய வயிற்றில் அடுத்த அறுவை கடினமாகும்.

நிலை 1, நிலை 4 என்று எழுதித் தருவது நோயின் பரப்பைத்தான் சொல்கிறது. வலியின் அளவோடு அது பொருந்துவதில்லை. நிலை 1இல் துடிப்பவரும் உண்டு. அறுவைக்குப் பின் குழந்தைக்கு முயலாதவர் ஹார்மோனைத் தொடர்வது வலி திரும்புவதைக் குறைக்கும். மாதவிடாய் வலி திரும்பாமல் இருக்கக் குறைந்தது 18 முதல் 24 மாதம், சினைப்பைக் கட்டி எடுத்தவருக்கு நீண்ட காலம் என்பது பரிந்துரை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்பது அடினோமயோசிஸ் வலிக்கு உண்மை. எண்டோமெட்ரியோசிஸ் கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் நோய். அதை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவிகள்

சூட்டுப் பட்டை: வாங்குங்கள். சுமார் 39 டிகிரி சூட்டைத் தொடர்ந்து தரும் பட்டை, ஐபுப்ரோஃபெனுக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்ததை 2001இல் வந்த ஆய்வு காட்டியது. கொதிக்கும் வெந்நீர்ப் பையைத் தோலில் நேரடியாக வைத்தால் கூடுதல் பலனில்லை; நாளடைவில் வலைபோல் கருத்த தழும்பு விழும். துணி சுற்றி வையுங்கள், வைத்தபடி தூங்க வேண்டாம்.

டென்ஸ்: தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பு அனுப்பும் கருவி. அதிக அதிர்வெண்ணில்தான் சான்று வலுவாக உள்ளது. 100 ஹெர்ட்ஸ் சுற்றி வைக்கவும். அடிவயிற்றில் வலிக்கும் இடத்தின் இருபுறமும் இரண்டு ஒட்டு, அல்லது கீழ் முதுகில் தண்டுவடத்தின் இருபுறமும். வலுவான ஆனால் வலிக்காத சுரசுரப்பு வரும்வரை கூட்ட வேண்டும். பயந்து மிகக் குறைவாக வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் உடல் பழகிவிடும், அப்போது மறுபடி கூட்ட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. காயத்தின் மேல் ஒட்டக் கூடாது. விலை உயர்ந்த, மாதவிடாய்க்கென்றே அலங்கரித்து விற்கும் மாடல் தேவையில்லை. துடிப்பு எண்ணை நாமே மாற்றும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உடற்பயிற்சிக்கும் சான்று உண்டு: வாரம் மூன்று முறையாவது, 45 முதல் 60 நிமிடம். இஞ்சி, மக்னீசியம், வைட்டமின் பி1 ஆகியவற்றுக்குச் சிறு ஆய்வுகளே இருக்கின்றன. முயல்வதில் பெரிய தீங்கில்லை, மருந்தை நிறுத்திவிட்டு முயல வேண்டாம்.

எதுவும் தென்படாதபோது

நல்ல ஸ்கேன், சரியான மாத்திரை, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோபி, எல்லாம் பார்த்தும் பதில் இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்கு, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தள தசையைச் சோதிக்க வேண்டும். வருடக்கணக்கில் வலிக்காக இறுக்கிப் பிடித்த தசை, தானே வலிக்கத் தொடங்கிவிடும். உள்ளே ஒற்றை விரலால் மெல்ல அழுத்தினால் பழகிய அதே வலி வருகிறதா என்று அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிடுவார். இதற்குத் தேவை தசையைத் தளர்த்தும் பயிற்சி. இறுக்கும் கீகல் பயிற்சியை யாராவது எழுதிக் கொடுத்தால் வலி கூடும். சிறுநீர்ப்பை வலி, எரிச்சல் குடல் ஆகியவையும் மாதவிடாயின்போது மோசமாகி மாதவிடாய் வலி போலவே தோன்றும்.

நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையடைந்துவிடுவதும் நிஜமான உடல் மாற்றம்தான். அதற்கென்று நரம்பு வலி மருந்தான கேபாபென்டினை வாடிக்கையாக எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. காரணம் தென்படாத நாள்பட்ட இடுப்பு வலி உள்ள பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான பெரிய ஆய்வில் அது போலி மாத்திரையைவிட மேலாகச் செயல்படவில்லை. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான் கூடின.

இவ்வளவு நிதானம் எல்லா வலிக்கும் பொருந்தாது. திடீரென ஒரு பக்கம் வெட்டுவதுபோல் வலித்து வாந்தி வந்தால், காய்ச்சலோடு வலித்தால், கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றிருந்து வலித்தால், மயக்கம் வந்தால், இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கொரு நாப்கின் நனைந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சினைப்பை முறுக்கிக்கொள்வதும் குழாயில் கரு தங்குவதும் மணிக்கணக்கில் முற்றுபவை.

டாக்டரை மாற்ற நேர்ந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்களை குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். அறுவைக் குறிப்பு, வீடியோ, திசுப் பரிசோதனை முடிவு, எந்த மருந்து எந்த அளவில் எத்தனை மாதம் எடுத்து ஏன் நிறுத்தினீர்கள் என்ற ஒரு பக்கம், இவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாக வைத்திருங்கள். இந்தக் கோப்பு இருந்தால் புதிய டாக்டர் அதே ஹார்மோன் பேக்கேஜிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் மூன்றாவது மாதத்துக்கு ஒரு தேதியை அன்றே குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தேதியில் வலி எண் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை என்றால் அடுத்த படி என்ன என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.